விமானப் பூச்சிலும் ஒரு முனைவர் பட்டம்

வீட்டுச் சுவரில் சாயம் உரிந்தால், வரும் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். விமானத்தில் உரிந்தால் விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போகிறது.

2021ஆம் ஆண்டில் கத்தார் ஏர்வேஸ் நிறுவனம், தன் ஏ350 ரக விமானங்களின் மேற்பரப்பில் பூச்சு வெடித்து உரிவதாகப் புகார் கூறியது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் 20க்கும் மேற்பட்ட விமானங்களைத் தரையிறக்கி நிறுத்திவைத்தது. மேற்பரப்பில் குறை இருப்பது உண்மைதான், ஆனால் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்றது தயாரிப்பாளரான ஏர்பஸ். வழக்கு வளர்ந்தது; கேட்கப்பட்ட இழப்பீடு 1 பில்லியன் டாலரைத் தாண்டியது. 2022 ஜனவரியில், கத்தார் கேட்டிருந்த 50 ஏ321நியோ விமானங்களுக்கான ஒப்பந்தத்தையே ஏர்பஸ் ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில்தான் இருதரப்பும் சமரசத்துக்கு வந்தன. தவறு தங்களுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருமன்தான் அந்தப் பூச்சு. அதற்கா இவ்வளவு சண்டை என்று தோன்றலாம். அந்த மெல்லிய படலத்தைப் பற்றி நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

என் வானொலி நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் தேர்வு முடிவுக் காலங்களில் ஒரே கேள்வி பல குரல்களில் வரும். “வேதியியல் படிச்சா வேலை கிடைக்குமா?” அதற்கு அடுத்தது, “இன்னும் நாலு வருஷம் படிக்கணும்னு சொல்றான், என்ன செய்ய?” முதல் கேள்வியைக் கேட்பது பிள்ளைகள். இரண்டாவதைக் கேட்பது அம்மாக்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல, விமானப் பூச்சு நல்ல உதாரணம்.

அழகுக்கு மட்டும் பூசுவதில்லை

சாங்கி ஓடுபாதையில் வெயில் கொளுத்தும்போது நிற்கும் விமானம், அரை மணி நேரத்தில் மைனஸ் 55 டிகிரி குளிரில் பறந்துகொண்டிருக்கும். இறங்கியதும் மறுபடியும் வெக்கை, ஈரம், கடற்காற்றின் உப்பு. மேலே புற ஊதாக் கதிர் கடுமையாகத் தாக்கும். இறக்கையின் முன்விளிம்பில் மழைத்துளி சரளைக்கல் மாதிரி அடிக்கும். போதாததற்கு, விமானத்தின் ஹைட்ராலிக் எண்ணெய் சாதாரணச் சாயத்தைக் கரைத்துவிடும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு பூச்சு சில ஆண்டுகள் அப்படியே இருக்க வேண்டும்.

அதனால்தான் விமானத்துக்குக் குறைந்தது இரண்டு அடுக்கு பூசுகிறார்கள். உலோகத்தோடு ஒட்டி நிற்கும் அடிப்பூச்சு பெரும்பாலும் எபாக்சி. அதன்மேல் நாம் பார்க்கும் வண்ணம் பாலியூரித்தேன். இரண்டுமே பாலிமர்கள். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி வலைபோல் இறுகுவதால் கிடைக்கும் வலு அது. வலை அதிகம் இறுகினால் பூச்சு நொறுங்கும். தளர்ந்தால் ஈரம் உள்ளே போகும். இந்த நடுநிலையைக் கண்டுபிடிப்பதே பல ஆய்வுகளின் முதல் அத்தியாயம்.

பூச்சே இல்லாமல் விட்டுவிட்டால் என்ன? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பல்லாண்டுகளாக அலுமினியத்தை மெருகேற்றிப் பளபளவென்று பறக்கவிட்டது, எடையும் குறைந்தது. ஆனால் போயிங் 787 போன்ற விமானங்களில் எடையில் பாதியளவு கார்பன் இழைக் கூட்டுப்பொருள். அதை உலோகம்போல் மெருகேற்ற முடியாது, பூசித்தான் ஆக வேண்டும். 2013இல் அந்நிறுவனம் பூசப்பட்ட புதிய தோற்றத்துக்கு மாறியது.

கூட்டுப்பொருள் வந்ததும் புதிய சிக்கலும் வந்தது. மின்னல் தாக்கினால் மின்சாரத்தைப் பரப்பிவிடுவதற்காகப் பூச்சுக்கு அடியில் மெல்லிய செம்பு வலை ஒன்றைப் பதிக்கிறார்கள். சூட்டிலும் குளிரிலும் கார்பன் கூட்டுப்பொருள் ஓர் அளவு விரியும், செம்பு வேறோர் அளவு விரியும், பூச்சு இன்னோர் அளவு விரியும். ஏ350 விவகாரத்தில் ஏர்பஸ் சொன்ன விளக்கம் இதைச் சார்ந்ததுதான்.

கீறலைத் தேடிப் போகும் மருந்து

அலுமினிய விமானங்களின் சிக்கல் இதைவிடப் பழையது. விமான உடலுக்குப் பயன்படும் 2024 என்ற அலுமினியக் கலவையில் ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பு இருக்கிறது. வலு தருவது அந்தச் செம்புதான். அரிப்புக்கு வழி விடுவதும் அதுதான். செம்பு அதிகமுள்ள நுண்துகள்கள் ஆங்காங்கே இருப்பதால், உப்பு ஈரம் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரியாகி, சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

அரிப்பைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 1988 ஏப்ரல் 28ஆம் தேதி ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 19 வயதான போயிங் 737 ஒன்று பறந்துகொண்டிருந்தபோது அதன் மேற்கூரையில் பெரும்பகுதி பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். உடற்பகுதியின் இணைப்புகளில் ஒட்டு விட்டுப்போனதும், உலோகம் களைத்து விரிசல் விட்டதும், அதைப் பராமரிப்பில் கண்டுபிடிக்காததும் விசாரணையில் தெரியவந்தன. தீவுகளுக்கிடையே உப்புக் காற்றில் நாளெல்லாம் ஏறி இறங்கிய விமானம் அது. அரிப்பும் அந்தக் கதையில் ஒரு பாத்திரம். உப்புக் காற்று நமக்கும் புதிதல்ல.

இந்த அரிப்புக்கு நீண்ட காலமாக ஒரு கைகண்ட மருந்து இருக்கிறது: குரோமேட். ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் போன்ற உப்புகளை அடிப்பூச்சில் கலந்துவிடுவார்கள். பூச்சில் கீறல் விழுந்து ஈரம் உள்ளே போனதும், குரோமேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீறல் விழுந்த இடத்துக்கே போய் அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் அமைக்கும். காயத்தைத் தேடிப் போகும் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த மருந்தே நஞ்சு. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. முக்கியமாக நுரையீரல் புற்றுநோய். பயணிக்கு அதனால் தொல்லை இல்லை. பூச்சைத் தெளிப்பவருக்கும், சில ஆண்டுகள் கழித்துப் பழைய பூச்சைச் சுரண்டித் தேய்ப்பவருக்கும்தான் ஆபத்து. முகக்கவசம், காற்றோட்டம், பாதுகாப்பு உடை எல்லாம் இருந்தும் ஆபத்தின் வேர் அங்கேயே இருக்கிறது. நம்மவர் பலர் சாங்கியிலும் சிலேத்தாரிலும் விமானப் பராமரிப்பில் இருக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கதையும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டைச் சிறப்பு அனுமதியின்றிப் பயன்படுத்த 2019 ஜனவரியோடு தடை வந்தது. ஆனாலும் விமானத் துறை அனுமதி வாங்கித் தொடர்ந்தது. காரணம் எளிது: அதே அளவு நம்பிக்கையான மாற்று எல்லா இடத்துக்கும் இன்னும் கிடைக்கவில்லை. முனைவர் ஆய்வுக்கான வாய்ப்பு பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆய்வாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு முயற்சி நல்ல எடுத்துக்காட்டு. அக்ஸோநோபல் என்ற பூச்சு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வேலையில் இருந்துகொண்டே முனைவர் ஆய்வு செய்தார். குரோமேட்டுக்குப் பதிலாக லித்தியம் உப்புகளை அடிப்பூச்சில் கலந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. கீறல் விழுந்த இடத்துக்கு லித்தியமும் கசிந்து போய், அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் ஒன்றை உருவாக்குவதை டெல்ஃப்ட், மான்செஸ்டர் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015 முதல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். தொழிற்சாலையில் பிறந்த கேள்வி, பல்கலைக்கழகக் கருவிகளால் விடை கண்டு, திரும்பவும் தொழிற்சாலைக்கே போனது.

இன்னொரு பாதை, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பூச்சு. 2001இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் குழு, பிளாஸ்டிக்குக்குள் நுண்குமிழ்களில் பசை வைத்து, விரிசல் விட்டதும் குமிழ் உடைந்து பசை கசிந்து இறுகும்படி செய்து காட்டியது. 2011இல் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈரம் பட்டதும் இறுகும் ஒரு திரவத்தை நுண்குமிழ்களில் அடைத்து, எஃகின் மேலுள்ள பூச்சில் கீறல் தன்னால் மூடிக்கொள்வதைக் காட்டினார்கள். எஃகுத் தகட்டில் நடப்பது விமான அலுமினியத்திலும் நடக்க வேண்டும். குளிரில் குமிழ் உடையக் கூடாது. பூச்சின் எடை கூடக் கூடாது. அடுத்தடுத்த மாணவர்களுக்கு அடுத்தடுத்த கேள்விகள்.

மூன்றாவது, சுறா தோல். லுஃப்தான்சா டெக்னிக், பிஏஎஸ்எஃப் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஏரோஷார்க் படலத்தில் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்வரிகள் இருக்கின்றன. காற்றின் உராய்வு குறைந்து எரிபொருள் சுமார் 1 விழுக்காடு மிச்சமாகிறது. 1 விழுக்காடுதானே என்று நினைக்காதீர்கள். நாள்தோறும் கண்டம் தாண்டும் பெரிய விமானத்துக்கு அது டன் கணக்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. அன்றாட வேலை இவ்வளவு பரபரப்பாக இருக்காது. ஒரு சோதனையைச் சொல்கிறேன். பூசிய அலுமினியத் தகட்டில் வேண்டுமென்றே கீறல் போட்டு, 35 டிகிரி சூட்டில், 5 விழுக்காடு உப்பு நீரைப் பனிபோல் தெளிக்கும் பெட்டிக்குள் வைப்பார்கள். விமான அடிப்பூச்சுக்கு அமெரிக்க ராணுவத் தரம் கேட்பது 2,000 மணி நேரம். கணக்குப் போட்டால் 83 நாள். 70ஆவது நாளில் கீறலோரம் வெள்ளையாகக் கொப்புளம் வந்தால், கலவையை மாற்றி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்திலேயே பழைய குரோமேட் பூச்சு போட்ட தகடு, ஒப்பிடுவதற்காக, ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருக்கும்.

இப்படி ஓர் ஆண்டில் முழுமையாகச் செய்யக்கூடிய சோதனைச் சுற்றுகள் நான்குதான். நமக்கு நீளமாகத் தெரியும் நான்கு ஆண்டுகள், ஒரு பூச்சுக்குப் போதுமா என்றே சந்தேகம். “ஏன் இத்தனை வருஷம்?” என்று கேட்கும் அம்மாக்களுக்கு இதுதான் என் பதில். பாடம் அதிகம் என்பதால் இல்லை. உப்புக்கு அவசரம் இல்லை என்பதால்.

இங்கே என்ன வழி?

உலகின் விமானப் பராமரிப்பு, பழுதுபார்ப்புப் பணியில் ஏறத்தாழ 10 விழுக்காடு சிங்கப்பூரில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. அதனால் ஆய்வுக்கும் இங்கே வேர் இருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸ் 2013இல் நன்யாங்கில் கூட்டு ஆய்வகம் தொடங்கியது. ஏஸ்டார் அமைப்பின்கீழ் பொருளறிவியலுக்கென்றே தனி ஆய்வுக்கழகம் இருக்கிறது. பழுதான பாகங்களைச் சீர்செய்து மீண்டும் பயன்படுத்துவதை ஆராய, ஏஸ்டாரும் நன்யாங்கும் சேர்ந்து நடத்தும் மறுஉற்பத்தித் தொழில்நுட்ப நிலையமும் இருக்கிறது.

தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ‘விமானப் பூச்சு’ என்ற பெயரில் இடம் அபூர்வமாகவே வரும். பாலிமர், மேற்பரப்புப் பொறியியல், உலோக அரிப்பு, கூட்டுப்பொருள் ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். பொருளறிவியல், வேதியியல், வேதிப் பொறியியல், இயந்திரப் பொறியியல் துறைகள் நான்கிலும் அந்த ஆசிரியர்கள் இருப்பார்கள். பொதுவாக நல்ல தேர்ச்சியுடன் ஹானர்ஸ் பட்டம் எதிர்பார்ப்பார்கள். சேர்ந்த பிறகு, முதல் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வு ஒன்றையும் தாண்ட வேண்டும்.

பணம்? பெரும்பாலும் பெற்றோர் கட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆய்வு உபகாரச் சம்பளம் கிடைத்தால் கட்டணமும் மாதத் தொகையும் அதிலேயே வரும். வெளிநாட்டு மாணவர்களுக்கு, ஜோகூர்ப் பாலத்துக்கு அப்பால் இதைப் படிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சிங்கா எனப்படும் சிங்கப்பூர் அனைத்துலகப் பட்டதாரி விருது இருக்கிறது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தொழில்துறை முதுநிலைத் திட்டம். நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்யும் ஏற்பாடு அது. டெல்ஃப்டில் அந்த ஊழியர் போன பாதைக்கு இது ஏறக்குறைய உறவு.

வெளிநாடு போவதானால், நெதர்லாந்தில் முனைவர் மாணவர் பெரும்பாலும் மாணவரே அல்ல. ஒப்பந்தத்தோடு சம்பளம் வாங்கும் ஊழியர். ஜெர்மனியின் பிரெமன் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் கழகம் விமானப் பூச்சில் பெயர் பெற்றது. பிரிட்டனில் மான்செஸ்டர், உலோக அரிப்பு ஆய்வுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த இடம். பிரிட்டனுக்குப் போக ஒரு நுணுக்கம் உண்டு. இத்தகைய பொருளறிவியல் ஆய்வுக்கு வெளிநாட்டவர் ‘அட்டாஸ்’ என்ற பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு இருக்கிறது. மலேசியர்களுக்கு இல்லை, அதற்கான வாரங்களையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

எல்லாருக்கும் இது ஏற்றது என்று சொல்ல மாட்டேன். தேசிய சேவை முடித்து, நான்காண்டுப் பட்டம் முடித்துச் சேரும் பையனுக்கு, முடிக்கும்போது 29 வயது ஆகியிருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்தால் 30. உடன் படித்தவர்கள் வீவக வீட்டுக்கு விண்ணப்பித்திருப்பார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை. அதற்கான இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் போவது தொழில்துறைக்கு. விமானப் பூச்சு தயாரிக்கும் பெரிய நிறுவனங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் அரிப்பும் பூச்சும் தெரிந்தவருக்குக் கப்பல் பட்டறை, எண்ணெய்த் துறை, மின்னணுவியல் என்று வேறு வாசல்களும் உண்டு. இந்தத் தீவில் உப்புக் காற்று படாத தொழில் எது?

ஆகவே பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேள்வியைப் பார்த்து, வழிகாட்டும் ஆசிரியரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நேர்காணலில் அவர்கள் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. நீங்களும் கேட்கலாம்.

உங்களிடம் இதுவரை சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவரோடு நான் பேசலாமா? உப்புப் பெட்டி உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறதா, வரிசையில் காத்திருக்க வேண்டுமா? குரோமேட்டை யார் கையாள்வார்கள், அதற்குப் பாதுகாப்பு என்ன? பணம் கொடுக்கும் நிறுவனம் பின்வாங்கினால் என் மாதத் தொகை என்ன ஆகும்? முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட நிறுவனம் தடை போடுமா? பட்டம் முடித்ததும் ஒப்பந்தக் காலம் உண்டா? மத்திய சேம நிதிச் சந்தா உண்டா?

இவற்றைக் கேட்டால் ஆசிரியர் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல ஆசிரியர் சந்தோஷப்படுவார். முகம் சுளிப்பவரிடம் நான்கு ஆண்டுகள் இருக்க வேண்டுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் வந்து, “அம்மா, நான் பூச்சு ஆராயப் போறேன்” என்றால், “பெயிண்ட் அடிக்கவா இவ்வளவு படிச்சே?” என்று சிரித்துவிடாதீர்கள். என்ன கேள்வி, யாருக்குப் பயன், எந்த ஆசிரியர் என்று கேளுங்கள். அவளால் மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால், அவள் பாதி தயார். சொல்ல முடியாவிட்டால், சேருவதற்கு முன் ஆறு மாதம் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். அது வீணாகும் காலமல்ல. உப்புப் பெட்டியை இரண்டு முறை திறந்து பார்த்திருப்பாள். பொறுமை இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

வீட்டில் யாராவது விமானக் கொட்டகையில் வேலை பார்த்தால் இன்னும் நல்லது. பூச்சு முதலில் எங்கே உரிகிறது, எந்த மூலையில் ஈரம் தங்குகிறது, தேய்க்கும்போது தூசி எங்கே போகிறது என்று மாமாவிடமோ அண்ணனிடமோ கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். நேர்காணலில் அந்தப் பதில்களை வேறு யாரும் கொண்டுவர மாட்டார்கள்.